பெரிசு பண்ணாதீங்க

பூதக்கண்ணாடி என்கிற சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. ஒரு சாதாரணக் குவிலென்ஸை, எறும்பைப் பூதமாக்கும் மாயக்காரனாக்கிவிட்டது அது. 'பூதக்கண்ணாடி வெச்சுக் குத்தம் கண்டுபிடிக்கிறான்', 'சின்ன விஷயத்தைப் பெரிசு பண்றா' என்று பேசும்போதெல்லாம், பெரிதாகக் காட்டுவதும் பொய் சொல்வதும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறோம்.

லென்ஸ் பொருளைப் பெரிதாக்குவதில்லை. பொருள் கண்ணில் பிடிக்கும் கோணத்தைத்தான் மாற்றுகிறது. சுமார் 25 செ.மீ.க்கும் கிட்டே எறும்பைக் கொண்டுவந்தால் நம் கண்ணுக்கு மங்கிவிடும். 5 செ.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸ் இருந்தால் 5 செ.மீ.யில் வைத்துப் பார்க்கலாம். 25-ஐ 5-ஆல் வகுத்தால் 5 மடங்கு. கிட்டே போவதற்கான அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். பள்ளியில் பிம்பத்தின் உயரத்தைப் பொருளின் உயரத்தால் வகுக்கச் சொன்னார்கள். அதை மட்டும் நம்பினால் தொலைநோக்கி ஒரு சுருக்கும் கருவி! 3,474 கி.மீ. விட்டமுள்ள நிலவை, 1 மீட்டர் குவியத்தூரமுள்ள முன்லென்ஸ் சுமார் 9 மி.மீ. பிம்பமாகத்தான் விழவைக்கிறது. சட்டைப் பொத்தான் சைஸ். ஆனால் அந்தப் பொத்தானுக்குள் மலைகளும் பள்ளங்களும் தனித்தனியாக இருக்கின்றன.

விஷயம் அந்தத் 'தனித்தனி'யில்தான். 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்தது வெறும் 20 மடங்கு சுமாருக்குக் காட்டிய குழாயில். இன்று பொம்மைத் தொலைநோக்கியின் பெட்டியிலேயே '525 மடங்கு' என்று போட்டு விற்கிறார்கள். 60 மி.மீ. வாய் உள்ள குழாயில் 120 மடங்கைத் தாண்டினால் பெரிதாவது மங்கல் மட்டுமே. நுண்ணோக்கிக்காரர்கள் இதை வெற்று உருப்பெருக்கம் என்பார்கள். ஆகவே எத்தனை மடங்கு என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. புதுசா என்ன தெரியுது?

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், தன் வேலை தொடர்ந்து வேறொருவர் பேரில் போகிறது என்று சொன்ன பெண் ஒரு ஷீட் கொண்டுவந்தார். 7 மாதம், 11 வரிகள், ஒவ்வொன்றிலும் தேதியும் கோடு மாற்றத்தின் எண்ணும். மேனேஜர் முழுசாகப் படிக்கவுமில்லை. 'இதப் போய்ப் பெரிசு பண்ணாதீங்கம்மா.' தூரத்திலிருந்து பார்த்தவருக்கு அது ஒரே புள்ளி, ஒரு சின்ன மனத்தாங்கல். அந்தப் பெண் அதைப் பெரிசு பண்ணவில்லை, 11 புள்ளிகளாகப் பிரித்துக் காட்டினார். அதே மேனேஜர் அடுத்த மீட்டிங்கில் 2 சதவிகித வளர்ச்சியை, 95-இல் தொடங்கும் அச்சில் பனைமர உயரத்துக்கு வரைந்து காட்டினார். கைதட்டல்! அசல் பூதம் அங்கே நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் பெரிசு பண்ணுவது என்று சொல்லவில்லை.

ஒரே பத்து விநாடிக் காட்சிக்குச் சிவப்பு வட்டம் போட்டு ராத்திரி முழுக்க ஓட்டும் டிவி விவாதமும் இந்தச் சாதிதான். புதிதாக ஒரு விவரமும் வராது, சத்தம் மட்டும் ஏறும். இந்த சொல் பாய்வது எப்போதும் கீழே இருப்பவர் மீதுதான்.

கிட்டே போனால் சுற்றுவட்டம் தெரியாமல் போகும் என்பது வாஸ்தவம். மடங்கு ஏற ஏறப் பார்வைப் புலம் குறுகும். அதற்காகத்தான் ஆய்விதழ்களில் நுண்படத்தின் மூலையில் ஒரு சின்னக் கோடு போட்டு 'இது 10 மைக்ரான்' என்று எழுதுகிறார்கள். படத்தை மொபைலில் பார்த்தாலும் சுவரில் பார்த்தாலும் கோடும் கூடவே மாறும். அளவு சந்தேகமா, அந்தக் கோட்டைக் கேளுங்கள். கண்ணாடியைப் பிடுங்காதீர்கள்.