சோதனைப் பதிப்புக்குத் தனி ஐகான் வேண்டும்

கைபேசிச் செயலி உருவாக்குகிறவர்களின் கைபேசியில் ஒரே செயலி இரண்டு மூன்று பதிப்புகளாக இருக்கும்: மக்கள் பயன்படுத்தும் அசல், பீட்டா, அன்றாடச் சோதனைப் பதிப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே ஐகானை வைப்பது பொறுப்பில்லாத செயல். வங்கிச் செயலியையே எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைப் பதிப்பு என்று நினைத்து அசலைத் திறந்து ஆயிரம் ரூபாய் அனுப்பினால், போவது நிஜப் பணம். குரோமின் கேனரி என்ற சோதனைப் பதிப்புக்குக் கூகுள் மஞ்சள் ஐகான் கொடுத்திருக்கிறது. பார்த்ததுமே வேறு என்று தெரியும். ஆப்பிளின் சோதனைத் தளமான டெஸ்ட்ஃபிளைட் வழியாக நிறுவிய செயலிக்கோ பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆரஞ்சுப் புள்ளிதான். அவசரத்தில் அது கண்ணில் படாது.

பெயரை மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள். ஐகானுக்குக் கீழே சில எழுத்துகளுக்குத்தான் இடம். நீளமான பெயரின் கடைசிப் பகுதி வெட்டுப்படும், 'பீட்டா' என்ற சொல் இருப்பதும் அங்கேதான். இரட்டை வேலை என்ற ஆட்சேபமும் நிற்காது. ஆண்ட்ராய்டில் சோதனைப் பதிப்புக்கான கோப்புறையில் அதே பெயரில் வேறு படத்தை வைத்தால், பில்ட் செய்யும்போது தானாகவே அது சேர்ந்துவிடும். ஆப்பிளின் எக்ஸ்கோடு கருவியிலும் எந்தப் பில்டுக்கு எந்த ஐகான் என்று ஒருமுறை குறித்தால் போதும். பிராண்டு அடையாளம் சிதையும் என்ற அச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அதனால் சின்னத்தைத் தொடாமல் பின்னணி நிறத்தை மாற்றி, ஓரத்தில் எழுத்துடன் ஒரு பட்டை போடலாம். பட்டை அவசியம், நிறப் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிறம் மட்டும் உதவாது. செயலி நிறுவனங்கள் அடுத்த சோதனைப் பதிப்பை அனுப்பும் முன் இதைச் செய்துவிட வேண்டும்.