ஜரியாவின் நெருப்புக்கு வயது கேட்காதீர்கள். காற்று எவ்வழி வருகிறது என்று கேளுங்கள்

ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜரியா நிலக்கரிப் படுகையைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றன: ‘நூறாண்டுகளுக்கும் மேலாக அணையாத நெருப்பு.’ முதல் தீ 1916இல் பௌரா சுரங்கத்தில் பதிவானது என்பது மெய்யே. ஆனால் அந்த ஆண்டைக் குறிப்பிட்ட மறுகணமே பொறுப்பு என்னும் சொல் காணாமற்போகிறது. எவருடைய செயலும் அல்லாத இயற்கைச் சீற்றமாக நெருப்பு மாறிவிடுகிறது. ஆய்வேடுகளின் முன்னுரைகளும் இப்பிழைக்கு விலக்கல்ல.

நிலத்தடித் தீ தன் வயதினால் எரிவதில்லை. அன்றன்று கிடைக்கும் காற்றினால் எரிகிறது. நிலக்கரி காற்றுப் பட்டால் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து வெப்பத்தை வெளியிடும். காற்று தாராளமாக ஓடினால் அவ்வெப்பத்தை வெளியே கொண்டு சென்றுவிடும். காற்று அறவே நின்றால் வினையும் நிற்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே ஆபத்தானது: வினை தொடரப் போதுமான, ஆனால் வெப்பத்தை அகற்றப் போதாத மந்தமான கசிவு. கைவிடப்பட்ட சுரங்க அறைகளிலும் நசுங்கிய தூண்களிலும் வெடித்த நிலத்திலும் நிகழ்வது இதுவே. ஆகவே நிலக்கரித் தீயின் வரலாறு, காற்று நிர்வாகத்தின் வரலாறு.

மேற்பரப்பிலிருந்து இடப்படும் துளையின் கதையும் இதுதான். இயங்கும் சுரங்கத்தில் காற்றோட்டத் துளை தொழிலாளிக்கு மூச்சுத் தருகிறது. தீப்பற்றிய பகுதியில் அதே துளை வெப்பமானியை இறக்கவும், வளிமாதிரி எடுக்கவும், நைட்ரஜனையோ சாம்பற்குழம்பையோ செலுத்தவும் உதவுகிறது. ஆனால் மூடாமல் விடப்பட்டால் அதுவே நெருப்பின் புகைபோக்கி. வளிமண்டல அழுத்தம் கூடும்போது காற்று உள்ளே புகும். குறையும்போது கார்பன் மோனாக்சைடு வெளியேறும். துளையிட்டவர், மூடியவர், அளந்தவர் யார் என்ற பதிவு இல்லாத இடத்தில் தீயணைப்பு என்பது வெறும் சொல்லாகவே நிற்கும்.

அறியாமையைக் காரணம் காட்ட இயலாது. வெட்டிய வெளியை மணலால் நிரப்ப வேண்டும் என்பதற்காக 1939இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. உண்ணப்பட்ட ஆக்சிஜனுக்கும் விளைந்த கார்பன் மோனாக்சைடுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு, தீ கண்ணுக்குத் தெரியும் முன்பே அதனை உணரும் முறை பல பத்தாண்டுகளாகப் பாடநூலில் உள்ளது. 1926இல் தொடங்கிய சுரங்கக் கல்வி நிறுவனமும், சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகமும், சுரங்க ஆய்வு நிறுவனமும் அதே தன்பாத் நகரில்தான் இருக்கின்றன. நெருப்பு அவற்றின் வாசலிலிருந்து தொலைவில் இல்லை.

துளையிடும் திறனும் குறைவல்ல. 1989 நவம்பரில் ராணிகஞ்ச் படுகையின் மஹாபீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, ஓர் ஆள் நுழையும் அளவில் துளையிட்டு, எஃகுக் கூண்டை இறக்கி, 65 தொழிலாளர் ஒவ்வொருவராக மேலேற்றப்பட்டனர். பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தாமே கீழே இறங்கினார். எல்லாம் சில நாட்களில் முடிந்தது. அதே படுகையில் 1994 ஜனவரியில் நியூ கெண்டா சுரங்கத் தீ 55 உயிர்களைக் கொண்டது. நாட்டிடம் கருவி உண்டு, அறிவு உண்டு என்பதற்கு முதல் நிகழ்வு சான்று. அவை மட்டும் போதா என்பதற்கு இரண்டாவது சான்று.

பழைய தனியார் முதலாளிகள் விட்டுச் சென்ற வினை இது என்பார் உளர். அவர்கள் தூண்களைச் சுரண்டியதும், மணல் நிரப்பாமல் விட்டதும் உண்மை. ஆனால் கோக்கிங் நிலக்கரிச் சுரங்கங்கள் 1972இல் நாட்டுடைமையாயின. அரை நூற்றாண்டைக் கடந்த பின்னும் முந்தைய உடைமையாளரையே சுட்டுவது வரலாறு ஆகாது, தட்டிக்கழிப்பு.

2009இல் ஜரியாவுக்கென 7,112 கோடி ரூபாய் மதிப்பில் பெருந்திட்டம் ஒப்புதல் பெற்றது. 2025 ஜூனில் 5,940 கோடியில் திருத்திய திட்டம் வந்தது. தீப்பரப்பு 8.9 சதுர கிலோமீட்டரிலிருந்து 1.8 ஆகச் சுருங்கியது என்பது அரசின் கணக்கு. இது பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாது என்று சொல்லலாம். செயற்கைக்கோள் காண்பது மேற்பரப்பின் வெப்பத்தை. ஆழத்தில் புழுங்கும் தீ அதன் கண்ணுக்கு எப்போதும் தென்படுவதில்லை. எரியும் கரியைத் தோண்டி எடுப்பது ஏற்கப்பட்ட முறைதான். ஆனால் தோண்டிய குழியை உரிய காலத்தில் மூடாவிட்டால் அடுத்த அடுக்கு காற்றுக்குத் திறந்து கிடக்கும். சதுர கிலோமீட்டர் அந்த அடுக்கைப் பற்றி எதுவும் சொல்லாது.

2017 மே மாதத்தில் ஜரியாவில் நிலம் பிளந்து ஒரு தந்தையையும் மகனையும் விழுங்கியது. அடுத்த மாதமே தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதை தீயபாயம் கருதி மூடப்பட்டது. 2019 பிப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட இருபது மாதங்களில் எந்தத் துளையின் எந்த அளவீடு மாறியது? பாதையோரம் குடியிருப்பவர் கேட்கத் தகுந்த கேள்வி இது. ‘மக்கள் வெளியேற மறுக்கிறார்கள்’ என்பது அதற்கு விடையன்று. பெல்கரியாவில் வீடு தரலாம். கரி பொறுக்கியும் சைக்கிளில் சுமந்து விற்றும் பிழைத்தவருக்கு அங்கே பிழைப்பு எங்கே?

கோரிக்கை எளியது. ஒவ்வொரு கண்காணிப்புத் துளைக்கும் ஓர் எண். அதன் வெப்பம், ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு அளவுகள் மாதந்தோறும் இந்தியிலும் அங்கு வழங்கும் கோர்ட்டாவிலும் ஊர் நடுவே எழுதி வைக்கப்பட வேண்டும். ஆய்வாளர்களும் அத்தரவு இன்றி ‘அணையாத நெருப்பு’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். அச்சொற்றொடர் பயன்படும் ஒவ்வொரு முறையும் ஒரு துளைக்குப் பொறுப்பானவர் பெயர் அழிகிறது.