பேல் ஏலுக்கு லைக், பனங்கள்ளுக்கு முகச்சுழிப்பா?

லண்டனில இருக்கிற எங்கட கூட்டாளி ஒருவன் போன கிழமை வட்ஸ்அப் குறூப்பில ஒரு வீடியோ போட்டான். குசினிக்குள்ள பெரிய பானை. நாலு கிலோ பார்லி மோல்ட், அதோட அரைக்கிலோ ஓட்ஸ். 66 பாகை சுடுதண்ணியில ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, வடிச்சு, கொதிக்க வைக்கிறான். ஹொப்ஸில பெரும்பகுதியை அடுப்பை நிப்பாட்டிற நேரத்திலதான் போடுறான். முதலே போட்டால் கைப்பு ஏறும், அந்தத் தோடம்பழ வாசம் ஆவியோட போயிடும். ஓட்ஸ் எதுக்கு எண்டு கேட்டம். "வாய்க்கு வழவழப்பா இருக்கும், நிறமும் கலங்கலா வரும்" எண்டான். பிறகு ஈஸ்ட் போட்டு இரண்டு கிழமை காத்திருக்க வேணும்.

குறூப் முழுக்க லைக். "மச்சான், நீ கலைஞன்ரா" எண்டு எழுதினதில நாங்களும் அடக்கம்.

பிறகுதான் உறைச்சது. கலங்கலா, நுரையோட, புளிப்பும் இனிப்புமா ஒரு பானம் எங்கட ஊரிலயும் இருக்குத்தானே? காலையும் மாலையும் பனையில ஏறி, பாளை சீவி, முட்டி கட்டி இறக்கிறது. முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர்; பூசாட்டில் சில மணித்தியாலத்திலயே கள்ளு. பக்கெற் ஈஸ்ட் தேவையில்லை, காத்தில இருக்கிறதே போதும். எந்தப் பாளையை எப்ப, எவ்வளவு சீவுறது எண்டது தலைமுறை தலைமுறையாக் கைமாறின அறிவு.

அந்த அறிவுக்கு நாங்கள் குடுத்தது என்ன? சாதிப் பெயர். கள்ளைத் தவறணையில வாங்கிக் குடிச்சவர்களே இறக்கினவரை முற்றத்தோட நிப்பாட்டினார்கள். 1968இல் கூட மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது.

சட்டமும் அப்பிடித்தான். பிரித்தானியாவில சொந்தப் பாவனைக்கு வீட்டில பியர் காய்ச்ச இருந்த அனுமதிப்பத்திரக் கட்டுப்பாட்டை 1963இலேயே நீக்கிவிட்டார்கள். இங்க அவர்கள் 1912இல் போட்ட மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில இருக்கு. அங்க பொழுதுபோக்கு, இங்க குற்றம்.

குடியால உடைஞ்ச வீடுகளை நாங்களும் பாத்துத்தான் வளர்ந்தனாங்கள். எல்லாரும் குடியுங்கோ எண்டு சொல்ல வரேல்லை. கூட்டாளியின்ர பேல் ஏலிலும் எங்களுக்குக் கோபமில்லை. அவன் பொறுமையாப் பழகித்தான் செய்யிறான். எங்கட கேள்வி எங்களைப் பார்த்துத்தான். அதே பொறுமை, அதே கைப்பக்குவம் லண்டன் குசினியில எண்டால் கலை, வடமராட்சிப் பனை உச்சியில எண்டால் இழிவா?

அடுத்தமுறை பேல் ஏல் வீடியோவுக்கு லைக் போட முதல், ஊரில சீவல் தொழில் செய்யிற ஒரு ஐயாவோட இருந்து கதைப்பம். அவருக்குத் தெரிஞ்சதை, அவர் விரும்பினால், அவர் பெயரோடயே எழுதி வைப்பம். அதுக்கு முதல், வீட்டுக் கதைகளில சாதாரணமா வந்துபோற அந்தச் சாதிச் சொல்லை நாங்கள் விடவேணும்.