கல்லாவுக்கு அந்தப் பக்கம்

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளிலேயே 60 ரூபாய்க்கு விற்க அரசு ஏற்பாடு செய்தது. வீடுகளில் தக்காளியைக் குறைத்து, புளியைக் கூட்டிச் சமாளித்தோம். தெருமுனை டிபன் கடைக்காரருக்கு அந்த வழி இல்லை. தக்காளிச் சட்னியை நிறுத்தினால், “என்னண்ணே, இன்னைக்கும் தேங்காய்ச் சட்னிதானா?” என்ற முகச்சுளிப்பு. இட்லிக்கு 2 ரூபாய் கூட்டினால், “கொள்ளையடிக்கிறீங்களா?” என்ற சத்தம். அந்தச் சத்தம் கோயம்பேடு சந்தை வரை போகாது. கல்லாவில் நிற்பவர் காதோடு நின்றுவிடும்.

தக்காளி விலை பிறகு இறங்கியது. மற்ற செலவுகள் ஓயவில்லை. கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் விலை பெரும்பாலும் மாதத்தின் முதல் தேதி மாறும். அதற்கு மானியமும் கிடையாது. கடை வாடகை, மாஸ்டருக்குக் கொடுத்த அட்வான்ஸ் வேறு. அவர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்ட நாளில் கடைக்காரரின் மனைவியே அடுப்படியில் நிற்பார். கடனுக்கு வங்கிக்குப் போனால் ஜாமீன் கேட்பார்கள், தண்டல்காரர் கேட்க மாட்டார். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500-ஐக் கையில் தருவார். நாளுக்கு 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். மழையில் கடை திறக்காவிட்டாலும் மாலையில் அவருடைய பைக் வந்துவிடும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்தது. பைக் வருவது நின்றபாடில்லை.

அந்த மாலை நேரத்தில்தான் நாமும் போய் நிற்கிறோம். ஆபீஸில் வாங்கிய ஏச்சு, பஸ் நெரிசல், பசி. பார்சலில் சாம்பார் விட்டுப்போயிருக்கிறது. “மறந்துட்டேன் சார்” என்று சொல்லியிருக்க வேண்டியவர் எரிந்து விழுகிறார். நாம் படியிறங்குவதற்குள் போனில் ஒற்றை ஸ்டார் போட்டுவிடுகிறோம். இருவருக்குமே அன்றைய பொழுது அப்படிப் போயிருக்கிறது. ஆனால், பல கிளைகள் உள்ள பெரிய ஓட்டலுக்கு அந்த ஸ்டார் ஆயிரத்தில் ஒன்று. முப்பது பேர்கூட மதிப்பெண் போடாத சின்னக் கடைக்கு அது வியாபாரத்தில் விழும் அடி.

கலப்படத்தையும் எடைக் குறைவையும் யாரும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். தட்டிக்கேளுங்கள், தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையம் வரை போங்கள். உப்பு கூடியதற்கும் பத்து நிமிடத் தாமதத்துக்கும் கடைக்காரரிடமே சொன்னால் போதும், அடுத்த முறை சரியாக இருக்கும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. விலை ஏற்றியதைச் சாப்பிட்டு முடித்தவரிடம் சொல்லாதீர்கள். ‘எண்ணெய் விலை ஏறியதால் இன்று முதல் வடை 12 ரூபாய்’ என்று வாசல் பலகையில் எழுதிவிடுங்கள். படித்துவிட்டு உள்ளே வருபவர் சண்டைக்கு வருவது அபூர்வம்.

2020 ஊரடங்கில் மதியம் 1 மணியோடு கடைகள் மூடப்பட்ட நாட்களில், சம்பளம் நின்றுபோன எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது அண்ணாச்சி மளிகைக் கடைக் கடன் நோட்டை நம்பித்தான். அந்த நோட்டில் இன்னும் அடிக்கப்படாத கணக்குகள் இருக்கின்றன. சூப்பர் மார்க்கெட்டில் கார்டு தேய்த்துவிட்டு, பாக்கி வைத்த கடையைத் தவிர்க்க அடுத்த தெரு வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். உங்கள் பெயரும் அந்த நோட்டில் இருந்தால், இந்த மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால், எப்போது முடியும் என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். தண்டல்காரரிடம் சொல்ல அண்ணாச்சிக்கு ஒரு தேதியாவது கிடைக்கும்.