ஆயிரம் குதிரைத்திறன், ஓட்டுநருக்கு ஒன்றுமில்லை

சூப்பர்கார் செய்யும் நிறுவனங்கள் ஓட்டுநரைக் கைவிட்டுவிட்டன. இது ரசனை பற்றிய முணுமுணுப்பு அல்ல. பொறுப்புத் தவறியவர்கள் மீதான குற்றச்சாட்டு.

ஃபெராரியும் லம்போர்கினியும் மெக்லாரனும் போர்ஷேவும் கடந்த பதினைந்து ஆண்டுகளில் காரின் சக்தியை ஏற்றிக்கொண்டே போயின. அதே ஆண்டுகளில், ஓட்டுகிறவரின் கைக்கும் காலுக்கும் காதுக்கும் எட்டிய ஒவ்வொன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கின. கிளட்ச் போனது. கியர் கம்பி போனது. ஸ்டீயரிங்கின் கனம் போனது. சத்தம் போனது. இப்போது ஓட்டுநரிடம் மிஞ்சியிருப்பது ஒரு திரையும் ஒரு எண்ணும்தான்.

கோடிகளில் விற்கும் கார்களைப் பற்றிப் பேச, போடி பக்கத்துக் கிராமமான எங்கள் சிலமலைக்கு என்ன உரிமை? சாலை எங்களுடையது. அந்த உரிமை போதும்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85-இன் ஒரு பகுதி அது. விடியும் முன்பே சிலமலை, இராசிங்காபுரம், தேவாரம் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகின்றன. சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்குகின்றன. மூணாறுக்குச் சுற்றுலா போகும் விலையுயர்ந்த கார்களும் அதே சாலையைத்தான் மிதிக்கின்றன.

அந்த ஜீப்பை ஓட்டுகிறவருக்கு வண்டி பேசுவது கேட்கிறது. சாரல் விழுந்த தாரில் முன்சக்கரம் பிடி விடுவது ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும். இன்ஜின் திணறும் சத்தத்தை வைத்தே எப்போது செகண்ட் கியருக்கு வர வேண்டும் என்று தெரியும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார். கியரிலேயே பிடித்து இறக்குவார். இத்தனையும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறது. பழைய டீசல் ஜீப் தருகிற இந்தச் செய்தியை, 1,000 குதிரைத்திறன் கொண்ட கார் தருவதில்லை. இதைவிட வெட்கக்கேடு இந்தத் தொழிலுக்கு வேறு இல்லை.

கணக்கைப் பார்ப்போம். 1987-இல் வந்த ஃபெராரி எஃப்40 சுமார் 1,100 கிலோ எடை. 478 குதிரைத்திறன். பவர் ஸ்டீயரிங் கிடையாது. பிரேக்குக்கு உதவி விசை கிடையாது. 2019-இல் வந்த எஸ்எஃப்90 எரிபொருளும் திரவங்களும் இல்லாமலே 1,570 கிலோ. திறன் 1,000. லம்போர்கினியின் ரெவுவெல்டோ அதே கணக்கில் 1,772 கிலோ. மூன்று மின்மோட்டார்கள். திறன் ஆயிரத்தைத் தாண்டுகிறது.

இந்தத் திறனைப் போடிமெட்டில் எங்கே செலவிடுவது? இரண்டு வளைவுகளுக்கு நடுவே உள்ள நேர்ச்சாலையில் நாற்பது கிலோமீட்டரே அதிகம். அந்த வேகத்தில் இந்தக் கார்கள் விழிப்பதே இல்லை. முதல் கியரைக்கூட முழுதாகப் பயன்படுத்த முடியாது. சக்கரத்துக்கும் கைக்கும் நடுவே கணினி உட்கார்ந்திருக்கிறது. நாற்பதில் அது மௌனம். எண்பதில் மௌனம். நூற்றைம்பதைத் தொட்டால்தான் ஏதோ நடப்பதாகத் தோன்றும்.

குற்றத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஓட்டும் உணர்வை எந்தப் பொதுச்சாலையும் தாங்காத வேகத்துக்கு இவர்கள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நாற்பதில் எதையும் தராத கார், நூற்றைம்பதுக்குப் போ என்று தன் உரிமையாளரைத் தூண்டுகிறது. பணம் கொடுத்தவர் கொடுத்த பணத்துக்கான சிலிர்ப்பைத் தேடுவார். தேடும் இடம் எங்கள் மலைச்சாலை. எதிரே வருவது தோட்டப் பெண்களை ஏற்றிய ஜீப். மலையேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை மதிக்க, வளைவுக்கு முன்பே வண்டியின் வேகம் ஓட்டுநருக்கு உறைக்க வேண்டும். இந்தக் கார்களில் உறைப்பதில்லை. உறைக்காதபடி செய்தவர்கள் பொறியாளர்கள். செய்யச் சொன்னவர்கள் நிர்வாகிகள்.

சத்தத்துக்கு வருவோம். 2011-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 தன் இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகவும் உள்ளே விட்டது. 2023-இல் வந்த ஹூண்டாயின் ஐயானிக் 5 என், இல்லாத கியர்களை மாற்றுவது போல உதறி, இல்லாத இன்ஜினைப் போல உறுமுகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்தளமும் இருக்கிறது, ஹூண்டாயின் ஆலையும் இருக்கிறது. உண்மையான இன்ஜின் சத்தம் எப்படி இருக்கும் என்று அறிய அந்த நிறுவனம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பச்சைச் சாயம் ஏற்றிய ஏலக்காயைப் போடி வியாபாரி கையில் எடுத்ததும் ஒதுக்கிவிடுவார். ஸ்பீக்கர் வழியாக வரும் உறுமலுக்கும் அந்த மரியாதைதான் உரியது.

இதற்கு மாறாகவும் செய்யலாம் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். லெக்ஸஸ் எல்எஃப்ஏ காருக்காக டொயோட்டா, யமஹாவுடன் சேர்ந்து வி10 இன்ஜினின் ஒலியைச் செதுக்கியது. அந்த இன்ஜின் ஐடிலிலிருந்து 9,000 சுற்றைத் தொட 0.6 விநாடி. முள் வைத்த மீட்டரால் ஈடுகொடுக்க முடியாமல் திரை மீட்டர் வைத்தார்கள். செய்தது 500 கார்கள். அங்கே திரை வந்தது இன்ஜினின் உயிர்ப்பைக் காட்ட. இன்றைய கார்களில் திரை வருவது உயிரின்மையை மறைக்க.

உணர்வுக்குச் சக்தி தேவையில்லை. இதைத் தமிழ்நாடு எப்போதோ நிரூபித்துவிட்டது. 1980-களின் இறுதியில் கோவையின் எஸ். கரிவரதன், மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கினார். சந்தைக்குக் காய் வாங்கப் போகும் காரின் இன்ஜின் அது. ஸ்ரீபெரும்புதூர் தளத்தில் அந்தக் காரை ஓட்டித்தான் நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 களத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். 796 சிசி ஒரு ஓட்டுநரை வளர்த்தது. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவைக்குப் பக்கத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தத் தளத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும்படி ஃபெராரியின் மாரனெல்லோ பொறியாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

நரேன் களமிறங்கிய அந்த 2005-ஆம் ஆண்டோடு ஃபார்முலா 1-இல் 3 லிட்டர் வி10 இன்ஜின்களின் காலமும் ஏறக்குறைய முடிந்தது. 2014-இல் 1.6 லிட்டர் வி6 ஹைப்ரிட் வந்தபோது ரசிகர்கள் சத்தம் எங்கே என்று கேட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் பார்சிலோனா சோதனை ஓட்டத்தில் மெர்சிடிஸ் காரின் சைலன்ஸர் முனையில் எக்காளம் போன்ற குழாயை மாட்டிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. வேரை வெட்டிவிட்டுக் கிளையில் பூவைக் கட்டினால் பலிக்காது.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. தமிழ்நாடே கொண்டாடியது. அவர்கள் ஓட்டியது போர்ஷே 911 ஜிடி3 கப் கார். டர்போ இல்லாத 4 லிட்டர் இன்ஜின். ஹைப்ரிட் இல்லை. சுமார் 510 குதிரைத்திறன். இன்றைய சூப்பர்கார் விளம்பரங்களில் ஓடும் எண்ணில் பாதி.

நிறுவனங்களுக்குத் தங்கள் தவறு தெரியாது என்று சொல்ல வழியில்லை. தெரியும். தெரிந்தே செய்கிறார்கள். 2013-இல் போர்ஷே 911 ஜிடி3-இலிருந்து மேனுவல் கியரை எடுத்தது. தானியங்கிதான் வேகம் என்றது. 2016-இல் மேனுவல் கியரோடு 911 ஆர் என்ற காரை வெளியிட்டது. 991 கார்கள் மட்டும். கேட்டவர்கள் எத்தனை பேர், கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்பது உலகம் அறிந்தது. 2017-இல் ஜிடி3-க்கு மேனுவலைத் திருப்பிக் கொடுத்தது. ஆஸ்டன் மார்ட்டின் 2023-இல் வி12 இன்ஜினும் மேனுவல் கியரும் கொண்ட வேலர் காரைச் செய்தது. 110 கார்கள் மட்டும். அதாவது எல்லாருக்கும் உரியதைப் பறித்துவிட்டு, ஒரு கைப்பிடி பேருக்கு அரிய பொருளாக்கி விற்கிறார்கள். இதற்குப் பெயர் முன்னேற்றம் அல்ல. பதுக்கல்.

ஃபெராரியின் கதையும் இதுதான். கலிஃபோர்னியா மாடலோடு மேனுவல் கியரைக் கைகழுவியது. பிறகு ஸ்டீயரிங்கில் இருந்த பொத்தான்களையும் எடுத்துவிட்டுத் தொடுதகடு வைத்தது. காரை உயிர்ப்பிக்கும் பொத்தானைக்கூட விடவில்லை. உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் குறை சொன்னார்கள். 2025-இல் அமால்ஃபி மாடலில் நிஜப் பொத்தான்கள் திரும்பின. பொத்தானில் தவறு செய்தோம் என்று ஏற்றுக்கொண்ட நிறுவனம், கிளட்சில் செய்த தவறை எப்போது ஏற்கும்?

சட்டம், புகை அளவு, ஒலி வரம்பு என்று நிறுவனங்கள் காரணம் அடுக்குகின்றன. அந்தக் காரணம் செல்லாது. அதே காலத்தில், அதே வரம்புகளுக்கு நடுவே, தென்னாப்பிரிக்காவில் பிறந்த கார்டன் மரி டி.50 காரைச் செய்தார். எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. டர்போ இல்லாத 3.9 லிட்டர் வி12. 12,100 சுற்று வரை போகும். ஆறு கியர், மேனுவல், ஓட்டுநர் நடு இருக்கையில். 1990-களில் மெக்லாரன் எஃப்1 காரைத் தந்த மனிதர் இவர். மெக்லாரன் இன்றும் தன் ஆர்டூராவில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கை விடாமல் வைத்திருக்கிறது. கையில் சாலை தெரிய வேண்டும் என்பதற்காகவே வைத்திருக்கிறது. அந்த ஒன்றைப் பாராட்டுகிறோம். மனம் இருந்தால் முடியும். மனம் இல்லை என்பதே குற்றம்.

லம்போர்கினி இன்று விற்கும் கார்களில் பாதிக்கு மேல் உரூஸ். அது எஸ்யூவி. 2024-இல் இந்தியாவில் மட்டும் 113 கார்களை அந்த நிறுவனம் விற்றது. 40,000 டாலருக்கு மேல் விலையுள்ள கார் முழுதாக இறக்குமதியானால் 110 விழுக்காடு சுங்கச் சுமை. 2025 பட்ஜெட்டில் வரியின் பெயர்கள் மாறின, சுமை மாறவில்லை. இத்தனை விலை கொடுத்து வாங்கும் இந்த நாட்டு வாடிக்கையாளருக்கு, தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. விற்பவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். இறக்குமதி செய்து விற்பவர்களும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1,000 குதிரைத்திறன் காரின் சாவியை ஒப்படைக்கும் நாளில், வாங்கியவரை இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவைக்கோ கூட்டிப்போய் ஒரு நாள் பயிற்சி தருவது அவர்களுக்குப் பெரிய செலவு அல்ல. அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

காரை மதிப்பிட்டு எழுதுகிறவர்களும், படம் எடுத்துப் போடுகிறவர்களும் தப்ப முடியாது. பூஜ்யத்திலிருந்து நூறுக்கு எத்தனை விநாடி என்ற ஒரே கேள்வியை இத்தனை ஆண்டுகளாகக் கேட்டவர்கள் அவர்கள்தான். கேட்ட கேள்விக்கு ஏற்ற காரைத்தான் நிறுவனங்கள் செய்தன. எத்தனை பேர் ஸ்டீயரிங்கைப் பற்றி நான்கு வரி எழுதினார்கள்? எத்தனை பேர் ஒரு மலைச்சாலையில், சட்ட வேகத்தில், அந்தக் காரை ஓட்டிப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று துணிந்து சொன்னார்கள்? விமான டிக்கெட்டும் விடுதியும் நிறுவனம் தருகிறது. பிறகு விமர்சனம் எப்படி வரும்?

நிறுவனங்கள் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மேனுவல் கியரை வழக்கமான மாடல்களில் விருப்பத் தேர்வாகத் தர வேண்டும். வரம்பிட்ட பதிப்பு என்ற பெயரில் பூட்டி வைக்கக் கூடாது. ஸ்பீக்கர் உறுமலை வாங்குபவர் முழுதாக அணைக்க வழி வேண்டும். அணைத்த பிறகு மிஞ்சும் சத்தத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். ஒவ்வொரு புது மாடலும் முந்தையதைவிட எடை குறைந்து வர வேண்டும். சக்தியைக் கூட்டும் போட்டியை இன்றே நிறுத்த வேண்டும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுநருக்கு என்ன தெரிகிறது என்பதையே சோதனையின் முதல் கேள்வியாக வைக்க வேண்டும்.

வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பணம் கட்டும் முன் ஷோரூமில் குதிரைத்திறனைக் கேட்காதீர்கள். காரை ஒரு மலைச்சாலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்பீக்கரை அணையுங்கள். நிதானமாக ஓட்டிப் பாருங்கள். கைக்கு எதுவும் வரவில்லை என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.