கொடிவழியில் விடுபட்ட பெயர்கள்

குடும்ப வரலாறு எழுதும் ஆர்வம் அண்மைக் காலத்தில் நம் சமுதாயத்தில் பெருகி வருகின்றது. சங்கரன்கோவில் வட்டாரத்திலும் திருமண வீடுகளில் அச்சிட்ட கொடிவழிப் பட்டியல்கள் கைக்குக் கை மாறுவதைக் காண்கின்றோம். அரபு நாட்டு வணிகர் ஒருவர் காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ கரையிறங்குவதில் தொடங்கி, துபாயில் பணிபுரியும் பேரப்பிள்ளையில் முடிகின்ற பட்டியல்கள் அவை. முன்னோரை அறிய விழைவது நற்செயலே. அதனை நாம் குறை கூறவில்லை. நாம் கேட்பது வேறு. இப்பட்டியல்களுக்கு ஆதாரமாக அமைந்தவை பழைய மரண சாசனங்கள், பாகப்பிரிவினைப் பத்திரங்கள், கிரய ஓலைகள், நீதிமன்றத் தீர்ப்பு நகல்கள். பாட்டனாரின் பாட்டனார் பெயரை அவற்றிலிருந்து படித்தெடுத்த கண்கள், அதே ஏட்டில் வயலுக்கும் உழவு மாட்டுக்கும் இடையே எழுதப்பட்டிருக்கும் மனிதர்களின் பெயர்களை மட்டும் எவ்வாறு தாண்டிச் சென்றன?

ஆளோலைகளைப் பற்றியே பேசுகின்றோம். எல்லார் வீட்டுப் பெட்டகத்திலும் அத்தகைய ஓலை இருக்கும் என்பதன்று நம் வாதம். இருக்கின்ற வீடுகளில் அதற்கு நேர்கின்ற கதியைப் பற்றியதே இக்கட்டுரை.

தமிழ் நிலத்தில் மனிதன் மனிதனை எழுதி வாங்கினான் என்பதை மெய்ப்பிக்க வெளிநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. கோயிலுக்கு அடிமைகளைக் கொடுத்த செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. சேக்கிழார் சொல்லும் சுந்தரர் வரலாற்றை நம் வாசகர்கள் பள்ளி நாளிலேயே கேட்டிருப்பர். பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலையைக் காட்டிப் பேரனை அடிமையென்று உரிமை கோருகின்றார் ஒரு முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் அப்பாட்டனின் வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் செய்து, இரண்டின் கையெழுத்தையும் ஒப்பிட்டுத் தீர்ப்பு வழங்குகின்றனர். அக்கதையின் சமயப் பொருள் சைவ அன்பர்களுக்கு உரியது. நமக்கு வேண்டியது அதிலுள்ள நடைமுறை. அடிமைத்தனம் எழுத்தின் வழியே மூன்றாம் தலைமுறைக்குச் செல்லும் என்பதும், எழுத்தை ஒப்பிட்டே அது மெய்ப்பிக்கப்படும் என்பதும் அன்றைய கேட்போர்க்கு வியப்பாய் இருக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1819-இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்டக் கலெக்டர்களிடம் அடிமைகள் குறித்து அறிக்கைகள் பெற்றது. 1841-இல் இந்தியச் சட்ட ஆணையம் விரிவான அறிக்கையொன்றை அளித்தது. 1843 ஏப்ரல் 7-ஆம் நாள் நிறைவேறிய ஐந்தாம் சட்டம் நான்கே பிரிவுகள் கொண்டது. வரி பாக்கிக்காகவோ தீர்ப்பை நிறைவேற்றவோ எந்த அதிகாரியும் மனிதரை விற்கலாகாது; அடிமை என்ற உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டலாகாது; தன் உழைப்பாலோ வாரிசாகவோ மரண சாசனத்தாலோ ஒருவர் பெற்ற சொத்தை, அவர் அடிமையாய் இருந்தவர் என்று சொல்லிப் பறிக்கலாகாது; சுதந்தர மனிதனுக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. இவ்வளவுதான்.

வாசகர்கள் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிரிட்டன் தன் மேற்கிந்தியத் தீவுகளிலும் ஏனைய குடியேற்றங்களிலும் அடிமை முறையை ஒழிக்க 1833-இல் சட்டம் செய்தபோது, உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுன் ஈட்டுத்தொகை ஒதுக்கியது. அடிமைப்பட்டவர்க்கு ஒரு காசும் இல்லை. பெரும் அநீதி அது. ஆனால் பணம் கொடுப்பதற்காகக் கணக்கெடுத்தார்கள்; நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் பதிவாயின. அப்பதிவேடுகளையும் உயில்களையும் புரொபேட் கோப்புகளையும் இணைத்து, எந்தக் குடும்பத்தின் செல்வம் எத்தனை பேரின் முதுகிலிருந்து வந்தது என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009 முதல் வெளிக்கொணர்ந்தனர். கும்பினியாரின் இந்திய நிலப்பகுதிகளும் இலங்கையும் 1833 சட்டத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டவை. பத்தாண்டு கழித்து இங்கு வந்த சட்டம் ஈட்டுத்தொகை கொடுக்கவில்லை. ஆகவே பட்டியலும் எடுக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையில் 1843-க்கு முன் அடிமையாய் வாழ்ந்த ஒருவரின் பெயரை அரசாங்க ஏட்டில் தேடினால் பெரும்பாலும் கிட்டாது. அவரை உடைமையாக எழுதி வைத்தவன் வீட்டு ஓலையில்தான் அது இருக்கும். உடைமையாளனின் பேரன் அவ்வோலையைக் கரையானுக்குக் கொடுத்தால், அவருடைய பேரனுக்கு உலகில் வேறு சான்று இல்லை.

இதைக் கேட்டதும் நம்மவர் சிலர் உடனே கூறுவது: “நாம் வணிகர்கள், பண்ணையடிமை வைத்திருந்தவர்கள் மற்றவர்கள்.” வணிகத்தில் ஈட்டிய பொருள் நிலமாக மாறியதை அதே பெரியவர்கள்தாம் பெருமையுடன் கூறுவர். நன்செய் வாங்கியவர் அதனோடு கட்டுண்ட ஆட்களை வேண்டாமென்று திருப்பி அனுப்பினார் என்று நம்புவதற்கு ஓலை ஏதும் உண்டா? கடலுக்கு அப்பால் நிலை இன்னும் தெளிவு. 1816-இல் கொழும்பில் தலைமை நீதிபதி அலெக்சாண்டர் ஜான்ஸ்டனின் தூண்டுதலால், அவ்வாண்டு ஆகஸ்ட் 12 முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்தரர் என உடைமையாளர்கள் எழுதி ஒப்புக்கொண்டனர். டச்சு வழியினரும் வேளாளரும் செட்டிகளும் ஒப்பியதுபோல் முஸ்லிம்களும் ஒப்பினர். நற்செயல்தான். ஆனால் இல்லாத அடிமையின் பிள்ளையை எவரும் விடுதலை செய்ய இயலாதன்றோ!

நம் மார்க்கச் சட்டம் அறிந்தோர்க்கு இச்செய்தியில் வெட்கத்துக்கு இடமுண்டு, மறைப்பதற்கு இடமில்லை. ஸக்காத் செலவிடுவதற்குரிய எட்டு வகைகளுள் அடிமை விடுதலையும் ஒன்று. ‘என் மரணத்துக்குப் பின் நீ சுதந்தரம்’ என்று உடைமையாளர் சொல்லிவிட்டால் அவ்வடிமை முதப்பர் ஆகின்றார். உடைமையாளரின் பிள்ளையைப் பெற்றவள் உம்முல் வலத். அவளை விற்க இயலாது, அவர் இறந்ததும் அவள் சுதந்தரமாவாள். அவள் பிள்ளையோ மற்றப் பிள்ளைகளுக்குச் சமமான வாரிசு. எனவே முஸ்லிம் ஒருவரின் வஸிய்யத் சிலருக்கு அடிமைச் சீட்டாகவும் சிலருக்கு விடுதலைச் சீட்டாகவும் இருந்திருக்கும். இரண்டும் பாதுகாக்கப்பட வேண்டியவை. இன்னொன்றும் சொல்வோம். நசப் பார்த்துப் பெண் கொடுக்கும் பெரியவர்கள், கலீபா ஹாரூன் ரஷீதின் அன்னை கைஸுரான் யாரென்று கேட்டறிதல் நலம். அவர் அடிமைச் சந்தையிலிருந்து அரண்மனைக்கு வந்தவர். திருமறை பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே நபித்தோழர் ஸைத் (ரலி). அவரும் இளமையில் விற்கப்பட்டவர். அல்லாஹ்வின் வேதம் எழுதிய பெயரைப் போன்ற பெயர்களை நம் வீட்டுக் கொடிவழி எழுத அஞ்சுகின்றது!

இத்தகைய ஆவணங்களால் என்ன பயன் என்று கேட்போர் கேப் டவுன் நகரைப் பார்க்கட்டும். பதினேழாம் நூற்றாண்டில், குறிப்பாக 1659 முதல் 1661 வரை நிகழ்ந்த தஞ்சைப் பஞ்சத்தின்போது, டச்சுக்காரர் நம் கரையிலிருந்து மக்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினர். நன்னம்பிக்கை முனையிலோ, இறந்தவர் சொத்துக்கு எடுத்த பட்டியல்களில் கட்டில், செம்புப் பானை, குதிரை இவற்றோடு அடிமைகளின் பெயரும் எழுதப்பட்டது. ‘சோழமண்டலக் கரையினர்’, ‘மலபாரினர்’, ‘வங்காளத்தினர்’ என்று பிறந்த ஊர்ப்பக்கமும் பெயரோடு ஒட்டி வந்தது. எழுதியவன் சொத்துக் கணக்காகவே எழுதினான். ஆயினும் இன்றைய கேப் முஸ்லிம் குடும்பங்கள் தம் மூதாதையரைத் தேடிச் செல்வது அந்தக் கணக்குகளுக்குள்தான். தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசலான அவ்வல் மஸ்ஜித் நிற்கும் டோர்ப் தெரு மனையை 1794-இல் உடைமையாக்கிக் கொண்டவர் ஆவணங்களில் ‘இலங்கையைச் சேர்ந்த கோரிடோன்’ எனப்படுகின்றார். அவர் விடுதலை பெற்ற அடிமை. அம்மனை அவர் மகள் ஸார்ச்சியின் கைக்கு வந்து, தொழுகைக்கு உரியதாயிற்று. அந்தப் பத்திரங்கள் இல்லையெனில் பள்ளிவாசல் எஞ்சியிருக்கும். கோரிடோன் எஞ்சியிருக்க மாட்டார்.

இனி, மறுப்புகளுள் மதிக்கத்தக்க ஒன்றே ஒன்று உண்டு. நம் நாட்டில் அடிமைத்தனம் சாதியோடு பின்னியது. இன்ன குடும்பத்தின் முன்னோர் இன்ன வீட்டு அடிமைகள் என்று அச்சிட்டால், வெட்கப்பட வேண்டிய வீடு தலைநிமிர்ந்து நிற்க, வடுப்படுவது மற்றவரே. இது மெய். ஆதலால் உயிரோடிருக்கும் எவரையும் சுட்டிக் காட்டும்படி எழுதுவது கூடாது. ஓலையில் கண்ட பெயர், ஆண்டு, விலை, ஊர் இவற்றை உள்ளவாறு பதிந்து வைத்தல் போதும். ‘இவர் என் பாட்டனார்’ என்று உரிமை கொண்டாடுவதோ, வேண்டாமென்று விடுவதோ அவர்தம் வழியினரின் விருப்பம். அவர்களுக்குப் பதிலாக நாமே ‘வேண்டாம்’ என்று முடிவு கட்டுவதற்கு நமக்கு எவர் அதிகாரம் அளித்தது?

1981 பிப்ரவரியில் தென்காசிக்கு அண்மையிலுள்ள மீனாட்சிபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்தொகையினர் இஸ்லாத்தைத் தழுவினர். நாடே அதைப் பேசிற்று. நம் மேடைகளில் அவர்களைச் சகோதரர் என்றோம். அச்சகோதரர்களுள் ஒருவர் தம் முப்பாட்டனைத் தேடிப் புறப்பட்டால், இம்மாவட்டத்துப் பண்ணை வீடுகளின் பெட்டகங்களையன்றி வேறு எந்தக் கதவைத் தட்டுவார்? அப்பெட்டகம் இந்து நிலக்கிழார் வீட்டிலும் இருக்கலாம்; முஸ்லிம் வீட்டிலும் இருக்கலாம். பதினான்கு தலைமுறை எண்ணத் தெரிந்த நாம், மூன்றாம் தலைமுறையில் இருட்டில் நிற்பவரிடம் சகோதரத்துவம் பேசுவது எளிது. பெட்டகத்தைத் திறப்பது கடினம்.

திறக்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் பதிவாகும். எழுதியவர் இறந்தபின் எவரும் விண்ணப்பித்து நகல் பெறலாம். ஆனால் பதிவுச் சட்டங்கள் 1864-க்குப் பிறகே வந்தவை. ஆகவே அங்கே அடிமை என்ற சொல்லைத் தேடிப் பயனில்லை. வரவேண்டிய கடன்களின் பட்டியலைப் பாருங்கள்; சிறு தொகை எழுதப்பட்டு, அடைபடாமல் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறும் படியாள் கடன் தென்படுமாயின், பழைய அடிமை ஓலை புதிய சட்டை அணிந்து வந்திருக்கின்றது என்று ஐயுறலாம். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அழித்தது அத்தகைய கடன்களைத்தான். முஸ்லிம்களின் உயிலுக்கு 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் புரொபேட்டைக் கட்டாயமாக்கவில்லை. எனவே நம் வீட்டு வஸிய்யத்துகள் நீதிமன்றக் கோப்பில் இருக்கும் என்று நம்பி வீட்டுப் பிரதியை அலட்சியம் செய்துவிடக் கூடாது.

ஓலையில் கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். மாதத்துக்கு ஏற்ப 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1843-ஆம் ஆண்டுச் சட்டம் கொல்லம் 1018-இல் வந்தது. அதற்கு முந்தியவற்றில் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். அரபுத் தமிழில் எழுதியவை வேறு உள்ளன. அவ்வெழுத்தை ஓதத் தெரிந்த மூதாட்டிகள் ஊருக்கு இருவர் மூவரே எஞ்சியுள்ளனர். ஏட்டை எடுத்துக்கொண்டு இந்த மாதமே அவர்களிடம் போங்கள். படித்து முடித்தபின் ஒரு படியை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ கொடுங்கள். பெயர்களில் ஒன்றையும் அடிக்காமல் கொடுங்கள்.