ஓசி வண்டிக்கு எத்தனை மாணிக்கம்?

‘மாரியோ கார்ட் டூர்’ இலவச விளையாட்டு என்று சொல்பவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. சொல்பவர்கள் அநேகமாக நம்மவர்கள்தான். “காசு குடுத்து வாங்கிற கேம் ஒண்டும் நாங்கள் பிள்ளையளுக்குக் குடுக்கிறேல்லை, இது சும்மா கிடைக்கிறது” என்று ஒரு நண்பர் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமைதான் என்னை எழுத வைத்தது. ஆப்பிள் தன் கடையில் ‘ஃப்ரீ’ என்ற பொத்தானை 2014 நவம்பரில் எடுத்துவிட்டு ‘கெட்’ என்று மாற்றியது. உள்ளே காசு கேட்கும் விளையாட்டுகளை இலவசம் என்று விற்பது ஏமாற்று என ஐரோப்பிய ஆணையம் நெருக்கிய வருடம் அது. கடைக்காரனே கைவிட்ட சொல்லை நாம் பத்து வருடம் கழித்தும் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

விளையாட்டு மோசமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கைபேசியையே கண்டு அலறும் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிடுவீர்கள். 1992-இல் சூப்பர் நின்டெண்டோவில் தொடங்கிய பந்தய வரிசையை, 2019 செப்டம்பரில் நின்டெண்டோ கைபேசிக்குக் கொண்டுவந்தது. வண்டி தானாக ஓடும். ஒரு விரலால் திருப்பினால் போதும். நியூயார்க், டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு வாரத்துக்கு ஒரு ஊர். வாழைப்பழத் தோலில் எதிராளி வழுக்கி விழும்போது நாற்பது வயதுக்காரனுக்கும் சிரிப்பு வரும். நன்றாகச் செய்த பொருளில் பொறி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வழக்கு.

பொறியைப் பார்ப்போம். உள்ளே புழங்கும் நாணயத்தின் பெயர் ரூபி, நம் மாணிக்கம். மாரியோவின் பச்சைக் குழாயை ஒருமுறை சுட ஐந்து மாணிக்கம், பத்து முறைக்கு நாற்பத்தைந்து. குழாயிலிருந்து என்ன விழும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்: ஓட்டுநரோ, வண்டியோ, பறக்கும் சிறகோ. 135 மாணிக்கம் கொண்ட பெரிய மூட்டையின் அமெரிக்க விலை 69.99 டாலர். முப்பது முறை சுடலாம். அதே நிறுவனத்தின் ‘மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ முழு விளையாட்டு 59.99 டாலர், ஒருமுறை வாங்கினால் அதில் வரும் ஓட்டுநர்கள் உங்களுடையவர்கள். இலவச விளையாட்டில் முப்பது குலுக்கல், விலைக்கு விற்கும் விளையாட்டு முழுவதையும்விடப் பத்து டாலர் அதிகம்.

வெறும் அலங்காரத்துக்குத்தானே என்பீர்கள். இல்லை. ஒரு தடத்துக்குப் பொருத்தமான ஓட்டுநர் உங்களிடம் இருந்தால் பெட்டியை உடைக்கும்போது ஒரே நேரத்தில் மூன்று ஆயுதம் கிடைக்கும். இல்லாதவனுக்கு ஒன்றோ இரண்டோ. தரவரிசை புள்ளிகளை வைத்து. அடுத்த இரண்டு வாரத்தில் ஊர் மாறும், பொருத்தமான ஓட்டுநரும் மாறுவார். 200சிசி என்ற அதிவேகப் பந்தயம், தொடக்கத்தில், மாதம் 4.99 டாலர் கட்டும் ‘கோல்டு பாஸ்’காரர்களுக்கு மட்டும். வெளிவந்த காலத்தில் கூட ஓடிய எதிராளிகள் மனிதப் பெயர் சூட்டிய இயந்திரங்கள். உண்மையான மனிதர்களோடு போட்டியிடும் வசதியின் முதல் சோதனை 2019 டிசம்பரில் நடந்தது, அதுவும் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்.

இந்த மாணிக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாணிக்கப் பரலால் ஒரு வழக்கையே தீர்த்த காப்பியம் நம்முடையது. கண்ணகி சிலம்பை உடைத்தாள், பரல் தெறித்தது, மன்னனுக்கு உண்மை தெரிந்தது. நின்டெண்டோவின் மாணிக்கத்தை உடைத்தால் உள்ளே ஒன்றும் இல்லை, வெளியே எடுத்து விற்கவும் முடியாது. அது இருப்பதே விலையை மறைக்கத்தான். என் தொழில் மென்பொருள் ஆலோசனை. விளையாட்டு நிறுவனத்தில் வேலை செய்ததில்லை, ஆனால் வங்கிக்கும் கடைக்கும் எழுதும் அதே உத்திகள்தான் இவை. காசுக்கும் பொருளுக்கும் நடுவே இன்னொரு நாணயத்தைச் செருகினால் கணக்கு மனதில் அறுந்துவிடும். மூட்டையின் அளவைக் குலுக்கலின் விலைக்குச் சரியாகப் பொருந்தாமல் வைத்தால் கையில் எப்போதும் இரண்டு மூன்று மிச்சம் நிற்கும். மிச்சத்தை வீணாக்க மனம் வராமல் அடுத்த மூட்டை வாங்குவோம். அதிகம் செலவழிக்கும் சிலருக்கு இந்தத் துறையில் ‘திமிங்கிலம்’ என்று பெயர். மற்றவர்கள் கடலை நிரப்ப வந்த சின்ன மீன்கள். காசே கட்டாத உங்கள் பிள்ளைக்கும் அங்கே ஒரு வேலை உண்டு: திமிங்கிலம் முந்திச் செல்ல ஆள் வேண்டாமா?

ஊரில் பெட்டிக்கடை வாசலில் ஒரு பரிசு அட்டை தொங்கும். மேலே பொம்மைக் கடிகாரமும் பிளாஸ்டிக் துப்பாக்கியும் குத்தியிருக்கும், கீழே ஒட்டிய சீட்டுகள். பத்துப் பைசா கொடுத்துக் கிழித்தால் பெரும்பாலும் ஒரு மிட்டாய். அதுவும் சூதுதான், கடிகாரத்துக்கான சீட்டைக் கடைக்காரர் கடைசிவரை அட்டையில் ஒட்டவே மாட்டார் என்பது எங்கள் தெருவின் உறுதியான நம்பிக்கை. ஆனால் அவருக்கு என் அப்பாவைத் தெரியும். நாலாவது சீட்டுக்குக் கை நீட்டினால் “போதும், வீட்டுக்குப் போடா” என்பார். குழாய்க்கு யாருடைய அப்பாவையும் தெரியாது. நாலாவது முறை கை நீட்டுபவனுக்காகவே செய்த தள்ளுபடி அதனிடம் இருக்கிறது.

2022 இலையுதிர் காலத்தில் குழாயை எடுத்துவிட்டார்களே என்று ஒருவர் என்னை மடக்கப் பார்த்தார். உண்மை. இப்போது எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம். மாணிக்கம் அப்படியே இருக்கிறது, சந்தா அப்படியே இருக்கிறது. 2023 அக்டோபருக்குப் பிறகு புதிய தடமும் இல்லை, புதிய ஓட்டுநரும் இல்லை; பழைய சுற்றுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. பழைய சோற்றுக்கு மாதச் சந்தா. குலுக்கலை நிறுத்தியதற்கு நன்றி சொல்லலாம், மூன்று வருடம் நடத்தியதை மறக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன செய்தது? ஜப்பான் 2012-இலேயே இந்தக் குலுக்கலின் ஒரு கொடிய வகையை, பல பொருட்களைச் சேர்த்து முடித்தால்தான் பெரிய பரிசு என்பதை, நிறுத்தியது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் காசு கட்டித் திறக்கும் பரிசுப் பெட்டிகளைச் சூது என்றது. மறுவருடம் நின்டெண்டோ இரண்டு கைபேசி விளையாட்டுகளை அந்த நாட்டிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் ஊரில் சுரண்டல் லாட்டரியில் எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்று பார்த்த தமிழ்நாடு, 2003-இல் லாட்டரியைத் தடை செய்தது. நான் வரி கட்டும் பிரிட்டன் மட்டும் 2022 ஜூலையில், சூதாட்டச் சட்டத்தைத் திருத்தப் போவதில்லை, நிறுவனங்களே தங்களைத் திருத்திக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. பாலுக்குப் பூனையே காவல்.

அரசைத் திட்டுவது சுலபம். நம்மையும் கொஞ்சம் திட்டுகிறேன். 2016 டிசம்பரில் இதே நின்டெண்டோ ‘சூப்பர் மாரியோ ரன்’ விளையாட்டை நேர்மையாக விற்றது. கொஞ்சம் விளையாடிப் பார், பிடித்தால் 9.99 டாலர், அதன்பின் ஒரு காசு கேட்க மாட்டோம் என்றது. வருமானம் எதிர்பார்த்த அளவு வரவில்லை என்று பிறகு நிறுவனமே சொன்னது. பத்து டாலரா என்று முகம் சுளித்தவர்களில் நம்மவர்கள் இல்லையா? பிரியாணிக்கு நாற்பது டாலர் கொடுப்போம், அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுப்போம், கைபேசிப் பொருளுக்கு மட்டும் ஓசி வேண்டும். ஓசி கேட்கும் வாடிக்கையாளருக்கு ஏற்ற வியாபாரம்தான் வந்து சேர்ந்தது.

வேறு வழியே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2024 நவம்பரில் ‘அனிமல் கிராசிங்: பாக்கெட் கேம்ப்’ சேவையை மூடிய நின்டெண்டோ, சில நாளிலேயே அதை ஒரே விலைக்கு முழுப் பொருளாக விற்றது. அதே விளையாட்டு, உள்ளே உண்டியல் இல்லை. மாரியோ வண்டிக்கும் இதைச் செய்ய முடியும், கேட்பார் இல்லை.

ஆஸ்திரேலியாவில் 2024 செப்டம்பர் 22 முதல், காசுக்குக் குலுக்கல் உள்ள புதிய விளையாட்டுகளுக்குப் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உகந்ததல்ல என்ற முத்திரை கட்டாயம். அந்த ஒரே முத்திரையை இங்கேயும் கேட்டு என் தொகுதி எம்.பி.க்கு எழுதியிருக்கிறேன். ஒரு பக்கக் கடிதம்தான், நகல் வேண்டுவோருக்கு ஆசிரியர் குழு வழியாக அனுப்பி வைக்கிறேன்.